காலரா, பிளேக் தடுப்பூசிகளைத் தந்த ஹாஃப்கின்: ஒரு புட்டி மருந்து பறித்த நற்பெயர்

திருவனந்தபுரம்: அரிசி மண்டிகளும் பலசரக்குக் கடைகளும் நெருங்கி நிற்கும் திருவனந்தபுரம் சாலைக் கடைவீதி, 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாசால் உருவாக்கப்பட்டது. தமிழ் வணிகர்களும் மலையாள வணிகர்களும் பல தலைமுறைகளாக அருகருகே கடை நடத்தும் இந்தச் சந்தை, 2020 ஜூலை 6 அன்று மாநகராட்சிப் பகுதி முழுவதும் மும்மடங்கு ஊரடங்கு நடைமுறைக்கு வந்தபோது தன் வழக்கமான ஆரவாரத்தை இழந்தது.

கொரோனா பரவலைக் கட்டுப்படுத்த அதே ஆண்டு மார்ச் மாதம் கேரள அரசு தொற்றுநோய்கள் அவசரச் சட்டத்தைப் பிறப்பித்தது. அதுவரை திருவிதாங்கூர்ப் பகுதிக்கென இருந்தது, கொல்லம் ஆண்டு 1073-இல், அதாவது 1897-98-இல், மன்னராட்சிக் காலத்தில் இயற்றப்பட்ட தொற்றுநோய்ச் சட்டமாகும். பம்பாய் நகரைப் பிளேக் சூறையாடிக்கொண்டிருந்த காலத்தில் பிறந்த சட்டம் அது.

அந்நாள்களில் பம்பாயின் மருத்துவக் கல்லூரி ஒன்றின் தாழ்வாரத்தில், மூன்று பணியாள்களையும் ஓர் எழுத்தரையும் மட்டும் துணையாகக் கொண்டு, பிளேக்கிற்கு எதிரான தடுப்பு மருந்தைத் தயாரித்துக்கொண்டிருந்தார் ஒரு வெளிநாட்டு ஆய்வாளர். அவர் பெயர் வால்டமார் ஹாஃப்கின். நோய் எங்கே, யாரை, எந்த அளவில் தாக்குகிறது என்பதை வீடு வீடாக எண்ணிப் பார்த்தவர் அவர். மக்களை வற்புறுத்தாமல், அவர்களது நம்பிக்கையைப் பெற்றே ஊசி போட வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தவரும் அவரே. அந்த நம்பிக்கை, அவர் அருகில்கூட இல்லாத ஒரு கிராமத்தில் திறக்கப்பட்ட ஒரே ஒரு புட்டியால் பின்னாளில் சிதைந்தது.

ஒடெசாவிலிருந்து பாரிசுக்கு

ஹாஃப்கின் 1860 மார்ச் 15 அன்று, அப்போது ரஷ்யப் பேரரசின் பகுதியாக இருந்த ஒடெசா நகரில் யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். ஒடெசா பல்கலைக்கழகத்தில் பயின்றபோது, பின்னாளில் நோபல் பரிசு பெற்ற உயிரியலாளர் இலியா மெச்னிகோவின் மாணவரானார். யூதர்களுக்கு எதிரான வன்முறைகள் தலைவிரித்தாடிய காலம் அது. தம் மக்களைக் காக்க எழுந்த தற்காப்புக் குழுவில் இணைந்த ஹாஃப்கின் கைதானார். மெச்னிகோவின் தலையீட்டால் விடுதலை கிடைத்தது.

பட்டம் பெற்ற பிறகும் அவருக்குப் பல்கலைக்கழகப் பதவி கிட்டவில்லை. கிறிஸ்தவ சமயத்துக்கு மாறினால் வழி திறக்கும் என்ற நிலையிலும் அவர் அதற்கு உடன்படவில்லை. 1888-இல் நாட்டை விட்டு வெளியேறி ஜெனீவாவுக்கும், அடுத்த ஆண்டு பாரிசுக்கும் சென்றார். அங்கே பாஸ்டர் நிறுவனத்தில் அவருக்குக் கிடைத்தது நூலக உதவியாளர் பணி மட்டுமே. நூலக வேலை முடிந்த நேரங்களில் அவர் ஆய்வகத்தில் காலராக் கிருமியோடு போராடினார்.

காலராவை உண்டாக்கும் கிருமியை ராபர்ட் காக் 1880-களில் எகிப்திலும் கல்கத்தாவிலும் ஆராய்ந்து அடையாளம் காட்டியிருந்தார். அதன் வீரியத்தைக் கட்டுப்படுத்தித் தடுப்பு மருந்தாக்கும் முயற்சியில் ஹாஃப்கின் இறங்கினார். விலங்குகளிடம் கிடைத்த முடிவுகள் நம்பிக்கை அளித்தன. 1892 ஜூலை 18 அன்று, முதல் மனிதச் சோதனையாக, அந்த மருந்தைத் தன் உடலிலேயே செலுத்திக்கொண்டார். சில நாள் காய்ச்சலுக்குப் பின் உடல் தேறியது.

ஆய்வகத்தில் வெற்றி பெற்ற மருந்து, நோய் உண்மையில் பரவும் இடத்தில் பலன் தருமா என்பதே அடுத்த கேள்வி. அப்போது பாரிசில் பிரிட்டன் தூதராக இருந்த டஃபரின் பிரபு, முன்பு இந்திய வைஸ்ராயாகப் பதவி வகித்தவர். அவர் காட்டிய வழியில், 1893 மார்ச் மாதம் ஹாஃப்கின் கல்கத்தா வந்து இறங்கினார்.

கல்கத்தா குடிசைகளில் ஒரு கணக்கு

மருத்துவப் பட்டம் இல்லாத, ரஷ்யாவில் பிறந்த ஒருவரை ஆங்கிலேய மருத்துவ அதிகாரிகள் பலர் ஐயத்துடனே பார்த்தனர். வெள்ளையர் கொண்டுவந்த ஊசியைக் கண்டு மக்களும் அஞ்சினர். தொடக்கத்தில் சில இடங்களில் கல்லெறியும் நிகழ்ந்தது. அந்த எதிர்ப்பைத் தணிக்க ஹாஃப்கின் காவலரைத் துணைக்கு அழைக்கவில்லை. மக்கள் கண்முன்னே தன் உடலில் ஊசி போட்டுக்கொண்டார். சவுத்ரி, கோஷ், சாட்டர்ஜி, தத் ஆகிய இந்திய மருத்துவர்கள் அவருடன் சேர்ந்து குடிசைப் பகுதிகளில் பணியாற்றினர். தங்களுக்குத் தெரிந்த மொழியில் பேசும் மருத்துவர்களைக் கண்டபின் மக்களின் தயக்கம் குறைந்தது.

1894 மார்ச் மாதம் கல்கத்தாவின் காட்டல் பகான் குடிசைப் பகுதியில் காலரா தோன்றியது. அங்கு வாழ்ந்த சுமார் 200 பேரில் 116 பேர் ஊசி போட்டுக்கொண்டனர். அதன்பின் மேலும் 10 பேருக்கு நோய் வந்தது. அவர்களில் 7 பேர் இறந்தனர். நோயுற்ற பத்துப் பேரும் ஊசி போடாதவர்களே. ஒரே குளத்து நீரை அருந்தி, ஒரே சந்தில் வாழ்ந்தவர்களிடையே வெளிப்பட்ட இந்த வேறுபாடு, எந்தச் சொற்பொழிவையும் விட வலுவான சான்றாக அமைந்தது.

ஊசி போட்டவர் எத்தனை பேர் என்று மட்டும் எண்ணுவதில் பயனில்லை என்பதை ஹாஃப்கின் உணர்ந்திருந்தார். ஒரே சூழலில் வாழும் இரு பிரிவினரை ஒப்பிட்டுப் பார்த்தால்தான் மருந்தின் உண்மை புலப்படும். இன்று தடுப்பூசிச் சோதனைகளின் அடிப்படையாக விளங்கும் இந்த ஒப்பீட்டு முறையை, குடிசைகளிலும் சிறைகளிலும் அசாம் தேயிலைத் தோட்டங்களிலும் அவர் கடைப்பிடித்தார். 1895-இல் மலேரியாவால் நலிவுற்று ஐரோப்பா திரும்புவதற்குள், 40,000-க்கும் மேற்பட்டோர் அவரது காலராத் தடுப்பூசியைப் பெற்றிருந்தனர்.

மாண்ட்வி தானியக் கிடங்குகளில் தொடங்கிய மரணம்

உடல் தேறி 1896-இல் இந்தியா திரும்பிய அவரை, அதே ஆண்டு புதிய பேரிடர் ஒன்று எதிர்கொண்டது. பம்பாய்த் துறைமுகத்தை ஒட்டிய மாண்ட்வி பகுதியில், செப்டம்பர் மாதம் மருத்துவர் அகாசியோ வியேகாஸ் பிளேக் நோயாளி ஒருவரைக் கண்டறிந்தார்.

மாண்ட்வி தானியக் கிடங்குகளின் இருப்பிடம். கீழே மூட்டைகள், மேலே குடியிருப்புகள், இடையே எலிகள் என்ற அமைப்பு. சாலை போன்ற பழைய சந்தைகளை அறிந்தவர்களுக்கு அந்தக் காட்சியை எளிதில் மனக்கண்ணில் காண இயலும். 1894-இல் ஹாங்காங்கில் பிளேக் கிருமி அடையாளம் காணப்பட்டிருந்தது. அங்கிருந்து கப்பல் வழியே நோய் பம்பாயை அடைந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. எலிகளிடமிருந்து தெள்ளுப்பூச்சிகள் வழியாக மனிதருக்கு நோய் தாவுகிறது என்பதைப் பிரெஞ்சு மருத்துவர் பால் லூயி சிமோன் கராச்சியில் கண்டறிந்தது 1898-இல்தான். எனவே தொடக்க ஆண்டுகளில் அதிகாரிகள் எலியை விட்டுவிட்டு மனிதர்களையே துரத்தினர்.

அக்டோபரில் பம்பாய் வந்த ஹாஃப்கினுக்கு கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஒரு சிற்றறையும் தாழ்வாரமும் ஒதுக்கப்பட்டன. இரவு பகலாக நடந்த பணியின் கடுமை தாங்காமல் உதவியாளர்கள் விலகினர். ஊட்டச்சாற்றின் மேல் நெய்த் துளிகளை மிதக்கவிட்டால், அவற்றின் அடியில் பிளேக் கிருமிகள் விழுதுகள் போலத் தொங்கி வளர்வதை அவர் கண்டார். சமையலறை நெய் ஆய்வகப் பொருளானது. இவ்வாறு பெருக்கிய கிருமிகளை வெப்பத்தால் கொன்று தடுப்பு மருந்து உருவாக்கப்பட்டது. 1897 ஜனவரி 10 அன்று, பின்னாளில் மற்றவர்களுக்குத் தந்ததைவிடக் கூடுதல் அளவை அவர் தன் உடலில் செலுத்திக்கொண்டார். காய்ச்சலும் வலியும் வந்து நீங்கின.

அம்மாத இறுதியில் பைகுல்லா சிறைக்குள் பிளேக் நுழைந்தது. முன்வந்த கைதிகளில் ஏறத்தாழ 150 பேருக்கு ஊசி போடப்பட்டது. சுமார் 170 பேர் ஊசியின்றி இருந்தனர். அடுத்த நாள்களில் ஊசி போடாதவர்களில் 12 பேருக்கு நோய் கண்டு, 6 பேர் மாண்டனர். ஊசி போட்டுக்கொண்டவர்களில் இருவருக்கு மட்டுமே நோய் வந்தது. அவர்களும் பிழைத்தனர்.

மறு ஆண்டு பரோடா சமஸ்தானத்தின் உந்தேரா கிராமத்தில் ஒவ்வொரு குடும்பத்தையும் இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு ஊசி போடப்பட்டது. ஊசி பெற்ற 71 பேரில் 8 பேர் நோயுற்று 3 பேர் இறந்தனர். ஊசி பெறாத 64 பேரில் 27 பேர் நோயுற்று 26 பேர் இறந்தனர். தடுப்பூசி முழுக் காப்பு அன்று என்பதையும், ஆனால் சாவைப் பன்மடங்கு குறைக்கிறது என்பதையும் இந்த எண்கள் ஒருங்கே காட்டின. ஒரே கூரையின் கீழ் அண்ணன் பிழைத்தும் தம்பி மாண்டும் போன குடும்பங்களின் துயரம் அந்த எண்களுக்குப் பின்னால் இருந்தது.

சட்டமும் சினமும்

ஹாஃப்கின் சிறையில் கணக்கெடுத்துக்கொண்டிருந்த வேளையில், அரசு வேறொரு பாதையில் சென்றது. 1897 பிப்ரவரி 4 அன்று தொற்றுநோய்கள் சட்டம் நிறைவேறியது. வீடுகளில் புகுந்து சோதிக்கவும், பயணிகளை நிறுத்திப் பரிசோதிக்கவும், நோயாளிகளைக் குடும்பத்திடமிருந்து பிரித்துக் கொண்டுசெல்லவும் அதிகாரிகளுக்குப் பரந்த அதிகாரம் கிடைத்தது. பெண்களின் உடலை அந்நிய ஆடவர் பரிசோதித்ததும், பூசை அறை வரை படையினர் நுழைந்ததும், உடைமைகள் தெருவில் எரிக்கப்பட்டதும் மக்களைக் கொதிப்படையச் செய்தன. லட்சக்கணக்கானோர் பம்பாயை விட்டு வெளியேறினர். அவர்களோடு நோயும் ரயிலேறியது.

மருத்துவமனைக்குச் சென்றவர் திரும்ப மாட்டார் என்ற அச்சம் பரவியது. 1896 அக்டோபரிலேயே ஆலைத் தொழிலாளர்கள் ஆர்தர் சாலை மருத்துவமனையைத் தாக்கியிருந்தனர். புனேயில் பிளேக் குழுத் தலைவராக இருந்த அதிகாரி ரேண்ட், 1897 ஜூன் 22 அன்று சாபேகர் சகோதரர்களால் சுடப்பட்டுப் பின்னர் உயிரிழந்தார். 1898 மார்ச்சில் பம்பாயில் நெசவாளர் குடியிருப்பில் கலவரம் மூண்டது. நோயாளிகளை மறைத்து வைப்பதும் இறப்புகளை அறிவிக்காமல் விடுவதும் பெருகின. நோயைத் துரத்தும் பணிக்கு எது கண்ணோ, அந்தத் தகவலே மங்கியது.

இந்நிலையிலும் நம்பிக்கையின் வழியில் நடந்தவர்கள் இருந்தனர். புனே அருகே நோயாளிகளுக்குத் தொண்டு செய்த கல்வியாளர் சாவித்ரிபாய் புலே, பிளேக் தொற்றி 1897 மார்ச் 10 அன்று காலமானார். கோஜா முஸ்லிம்களின் சமயத் தலைவரான மூன்றாம் ஆகா கான், அப்போது இருபது வயதை எட்டும் இளைஞர். ஹாஃப்கினின் ஆய்வுக்குத் தன் மாளிகையைத் திறந்துவிட்ட அவர், தம் மக்கள் முன்னிலையில் ஊசி போட்டுக்கொண்டார். ஆயிரக்கணக்கான கோஜாக்கள் அவரைப் பின்பற்றினர். படையினரால் திறக்க முடியாத கதவுகள், மதிப்புக்குரிய ஒருவரின் முன்மாதிரியால் திறந்தன.

பிளேக் தென்னகத்தையும் விட்டுவைக்கவில்லை. சென்னை மாகாணத்தில் நோய் பரவிய பகுதிகளிலிருந்து வரும் பயணிகளைப் பின்தொடர்ந்து கண்காணிக்கும் பொருட்டு, பிளேக் பாஸ்போர்ட் என்னும் அனுமதிச் சீட்டு முறை நடைமுறைப்படுத்தப்பட்டது. ஊர் சேர்ந்த பின்னும் குறிப்பிட்ட நாள்கள் வரை அதிகாரி முன் நின்று உடல்நிலையைக் காட்ட வேண்டும். கோவையில் மீண்டும் மீண்டும் தலைதூக்கிய நோயின் நினைவாக, பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் அங்கே வழிபாட்டில் உள்ளன.

முல்கோவால் கிராமத்தில் ஒரு புட்டி

ஹாஃப்கினுக்குப் புகழ் சேர்ந்தது. 1897-இல் பிரிட்டிஷ் அரசின் சி.ஐ.இ. விருது கிடைத்தது. 1899-இல் பம்பாய் பரேலில் இருந்த பழைய ஆளுநர் மாளிகையில் பிளேக் ஆய்வகம் தொடங்கப்பட்டது. தாழ்வாரத்தில் தொடங்கிய பணி மாளிகைக்கு மாறியது. தேவை பெருகப் பெருக, மருந்தை விரைந்து தயாரிக்கும் வகையில் முறைகள் திருத்தப்பட்டன. முன்பு சேர்க்கப்பட்டு வந்த கார்பாலிக் அமிலம் கைவிடப்பட்டு, வெப்பத்தால் கிருமி நீக்கும் முறை மட்டும் கையாளப்பட்டது.

1902 அக்டோபர் 30 அன்று, பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில் 107 பேருக்கு ஊசி போடப்பட்டது. அவர்களில் ஒரே புட்டியிலிருந்து மருந்து பெற்ற 19 பேருக்கு வில்வாத ஜன்னி எனப்படும் டெட்டனஸ் கண்டது. ஒருவரும் பிழைக்கவில்லை. நம்பி வந்து கை நீட்டியவர்கள் அவர்கள். அந்த வீடுகளின் இழப்பு எந்த விசாரணையாலும் ஈடுசெய்ய இயலாதது.

அந்தப் புட்டி 41 நாள்களுக்கு முன்பு பரேலில் நிரப்பப்பட்டது. திறக்கும் முன்பே அதில் மாசு கலந்திருந்தது என்று விசாரணைக் குழு முடிவு செய்தது. பழி ஹாஃப்கின் மீது விழுந்தது. ஆய்வகத் தலைமையிலிருந்து நீக்கப்பட்ட அவர், 1904-இல் இந்தியாவை விட்டு வெளியேறினார். முல்கோவாலில் புட்டியைத் திறந்தபோது உதவியாளரின் கையிலிருந்த இடுக்கி தரையில் விழுந்ததும், அது முறையாகக் கிருமி நீக்கப்படாமலேயே மீண்டும் பயன்படுத்தப்பட்டதும் சாட்சியங்களில் வெளிவந்தன. புட்டியில் டெட்டனஸ் கிருமி முன்பே வளர்ந்திருந்தால் கெட்ட நாற்றம் வீசியிருக்கும் என்பதும், திறந்தவர் அப்படி எதையும் உணரவில்லை என்பதும் அறிவியலாளர்கள் எடுத்துவைத்த வாதம்.

மலேரியா பரவும் வழியைக் கண்டறிந்து நோபல் பரிசு வென்ற ரொனால்டு ராஸ் அவருக்காகக் களமிறங்கினார். 1907 ஜூலை மாதம், ராஸ் உள்ளிட்ட பத்து முன்னணி அறிவியலாளர்கள் கையொப்பமிட்ட கடிதம் லண்டன் டைம்ஸ் இதழில் வெளியானது. தடுப்பூசி மீது பொதுமக்கள் நம்பிக்கை இழந்தால் அதன் விலை உயிர்களாக அமையும் என்ற கவலையையும் ராஸ் வெளிப்படுத்தினார். அதே ஆண்டு நவம்பரில் ஹாஃப்கின் குற்றமற்றவர் என ஏற்கப்பட்டது. விபத்து நிகழ்ந்து ஐந்து ஆண்டுகள் கழிந்திருந்தன.

பெயர் மீண்டது, பணி மீளவில்லை

மீண்டும் இந்தியா வந்த ஹாஃப்கினுக்குப் பரேல் ஆய்வகத்தின் தலைமை திரும்பக் கிடைக்கவில்லை. கல்கத்தாவில் அளிக்கப்பட்ட பதவியில் மக்களிடையே மருந்தைச் சோதிக்கும் வாய்ப்பு இல்லை. வீடு வீடாக எண்ணியே உண்மையைக் கண்டடைந்த ஒருவருக்கு அது பாதிச் சிறை. 1914-இல் ஓய்வு பெற்று ஐரோப்பா திரும்பினார். எஞ்சிய ஆண்டுகளைப் பெரிதும் சமய ஈடுபாட்டிலும் யூத மக்களுக்கான பணிகளிலும் கழித்தார். திருமணம் செய்துகொள்ளாத அவர், தன் செல்வத்தை யூத சமயக் கல்வி நிலையங்களுக்கென ஓர் அறக்கட்டளையாக்கினார்.

1925-இல் பரேல் ஆய்வகத்துக்கு ஹாஃப்கின் நிறுவனம் என்று பெயர் சூட்டப்பட்டது. 1897 முதல் அந்த ஆண்டு வரை பம்பாயிலிருந்து அனுப்பப்பட்ட பிளேக் தடுப்பூசிகளின் எண்ணிக்கை சுமார் 2 கோடியே 60 லட்சம். ஆயினும், அந்தப் பெருந்தொற்று இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுசென்றது. மருந்து இருந்தும் அச்சம் அகலாத இடங்களில் சாவே வென்றது.

அவர் காலத்துச் சட்டம் அவரை விட நீண்ட காலம் வாழ்ந்தது. 2020-இல் நாடு முழுவதும் கொரோனாக் கட்டுப்பாடுகளுக்கு 1897-ஆம் ஆண்டின் தொற்றுநோய்கள் சட்டம் பயன்படுத்தப்பட்டது. சுகாதாரப் பணியாளர்கள் மீதான தாக்குதலைத் தண்டிக்கும் திருத்தம் அந்த ஆண்டு ஏப்ரலில்தான் அதில் சேர்ந்தது.

இந்தியாவின் முதல் கொரோனா நோயாளி 2020 ஜனவரி 30 அன்று கேரளத்தில்தான் கண்டறியப்பட்டார். நோயாளிகள் சென்றுவந்த வழித்தடங்களைத் தேதி, நேரம் வாரியாக வரைபடமாக்கி வெளியிட்டு, தொடர்புடையவர்களைத் தேடிய மாநிலம் அது. ஜூலையில் தலைநகரின் பூந்துறைக் கடலோரப் பகுதியில் தொற்று வேகமெடுத்தபோது கமாண்டோ வீரர்கள் நிறுத்தப்பட்டனர். ஜூலை 10 அன்று மக்கள் தெருவில் இறங்கிப் போராடினர். சுகாதாரப் பணியாளர்களின் வாகனமும் சூழப்பட்டது. ஆனால், அடுத்த சில நாள்களில் அதே பூந்துறை மக்கள் மருத்துவக் குழுவினரை மலர் தூவி வரவேற்றனர். காவலின் வலிமை எங்கே முடிகிறது, நம்பிக்கையின் பணி எங்கே தொடங்குகிறது என்பதை ஒரே வாரத்துக்குள் அந்தக் கடற்கரை காட்டியது. கல்கத்தா குடிசைகளில் ஹாஃப்கின் கற்ற பாடமும் அதுவே.

வால்டமார் ஹாஃப்கின் 1930 அக்டோபர் 26 அன்று சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் தன் 70-ஆவது வயதில் காலமானார். சுதந்திர இந்தியா 1964-இல் அவருக்கு அஞ்சல் தலை வெளியிட்டுச் சிறப்பித்தது. அவர் பெயர் தாங்கிய நிறுவனம் பரேலில் இன்றும் இயங்கி வருகிறது.